நூதனசாலைக் கற்கையைத் துணைப்பாடமாக எடுக்கலாமா?

அம்மா, உங்கள் மகள் கலைப்பீடத்தில் வரலாற்றைப் பிரதான பாடமாகவும் நூதனசாலைக் கற்கையை, அதாவது பழம்பொருட்களைப் பதிந்து பாதுகாத்துக் காட்சிப்படுத்தும் படிப்பை, துணைப்பாடமாகவும் எடுக்க நிற்கிறா என்று எழுதியிருந்தீர்கள். "இதைப் படிச்சு என்ன உத்தியோகத்துக்குப் போறது?" என்ற உங்கள் பயம் நியாயமானது. எடுக்கட்டும் என்பதே எங்கள் பதில். ஆனால், துணைப்பாடம் தனியே நின்று வேலை வாங்கித் தராது. பிரதான பாடம் உறுதியாக இருந்து, பொருளைத் தொட்டுப் பழகிய கைப்பயிற்சியும் சேர்ந்தால்தான் அதற்குப் பெறுமதி.

ஆகவே, முதலில் துறையின் கைந்நூலை எடுத்துக் கணக்குப் பாருங்கள். இலங்கையில் பொதுப் பட்டத்துக்கு 90 கிறெடிட் (படிப்பின் அளவைக் கணக்கிடும் அலகு), சிறப்புப் பட்டத்துக்கு 120. ஒரு கிறெடிட்டுக்கு 50 மணித்தியாலக் கற்றல் என்று வைத்திருக்கிறார்கள். அப்படியென்றால் 3 கிறெடிட் செய்முறைப் பாடம் ஒன்று 150 மணித்தியாலம். அந்த நேரம் உண்மையான பொருட்களோடு போகிறதா, விரிவுரைக் குறிப்போடு போகிறதா என்று துறையில் நேரே கேட்க வேண்டும். பெறுபேற்றுச் சான்றிதழில் துணைப்பாடத்தின் பெயர் தனியாக வருமா என்பதையும் கேளுங்கள். செய்முறையே இல்லையென்றால், இதை விட்டு ஆவணவியலையோ தகவல் தொழினுட்பத்தையோ எடுப்பது நல்லம்.

செய்முறை என்றால் என்ன? ஒரு மட்பாண்டத்துக்கு இலக்கமிடுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். 2025.3.2 என்றால், 2025இல் மூன்றாவது தொகுதியாக வந்தவற்றில் இரண்டாவது பொருள். இந்த இலக்கத்தைப் பானையில் நேரடியாக எழுதக்கூடாது. மை நுண்துளைகளுக்குள் இறங்கினால் பிறகு எடுக்க முடியாது. கண்ணுக்குப் படாத, உடைந்த விளிம்பில்லாத ஓரிடத்தைத் துடைத்து, அசற்றோனில் கரைத்த பரலொயிட் பி-72 பிசினை மெல்லிசாகப் பூசிக் காயவிட வேண்டும். அதன்மேல் மெல்லிய பேனையால் எழுதி, காய்ந்தபின் இன்னொரு பூச்சு. தேவைப்பட்டால் அசற்றோனால் முழுவதையும் அழித்துவிடலாம். பானைக்கு ஒன்றும் ஆகாது. அவசரத்தில் நகப்பூச்சு பூசுகிறவர்கள் உண்டு, அது மஞ்சளாகி உரிந்துவிடும். செலோரேப் ஒட்டினால் பசை கறையாக நிற்கும். பிளாஸ்ரிக் பொருளில் அசற்றோன் படவே கூடாது. புடவைக்குப் பருத்தி நாடாவில் எழுதித் தைக்க வேண்டும். ஏட்டுச்சுவடிக்குக் கட்டுக்கயிற்றில் சீட்டுக் கட்டலாம்.

எங்கள் யாழ்ப்பாணத்துக் காற்றில் உப்பிருக்கிறது. செம்புக் காசில் வெளிர்பச்சைத் தூள் பூத்தால் உப்பிலுள்ள குளோரைட் உள்ளே நின்று உலோகத்தை அரிக்கிறது என்று அர்த்தம். அதை மற்றக் காசுகளோடு ஒன்றாக வைக்காமல் பிரித்து, ஈரமில்லாத பெட்டியில் வைக்க வேண்டும். ஈரப்பதன் 65 வீதத்தைத் தாண்டினால் ஏட்டிலும் கடதாசியிலும் பூஞ்சணம் பிடிக்கும். அவற்றைக் காட்சிக்கு வைத்தால் வெளிச்சம் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவில் நிற்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பதிவேடுதான் உயிர். 1981இல் யாழ். பொதுநூலகம் எரிந்தபோது 97,000 வரையான நூல்கள் போயின. வேறெங்கும் பிரதியில்லாத சுவடிகளும் அதில் இருந்தன. ஒரு பொருள் எங்கிருந்து வந்தது, யார் தந்தது, என்ன நிலையில் இருக்கிறது என்று எழுதி, படம் எடுத்து, அதன் பிரதியை இன்னோரிடத்தில் வைக்கத் தெரிந்த பிள்ளைகள் இந்த மண்ணுக்குத் தேவை. இதை நாங்கள் மனதாரச் சொல்கிறோம்.

இனி உத்தியோகம். தொல்பொருள் திணைக்களம், தேசிய நூதனசாலைகள் திணைக்களம், மத்திய கலாசார நிதியம் ஆகியவை அரச பக்கத்தில் உள்ளன. விண்ணப்பம் கோரும் அறிவித்தலில் தகைமைப் பந்தியைச் சொல்லுக்குச் சொல் வாசிக்க வேண்டும். எந்தப் பாடத்தில் பட்டம் கேட்கிறார்களோ அதில்தான் பட்டம் இருக்க வேண்டும். துணைப்பாடம் அந்த இடத்தை நிரப்பாது. தொல்லியல் கேட்கும் பதவியில்தான் மகளுக்குக் கண்ணென்றால், பிரதான பாடத்தையே மாற்ற யோசியுங்கள். சிங்களத்தை இப்போதே தொடங்கட்டும். அரச சேவைக்குள் போனபின் இரண்டாம் அரசகரும மொழித் தேர்ச்சியும் கேட்பார்கள். அரசுக்கு வெளியே எண்ணிமப்படுத்தல், அதாவது ஆவணங்களைப் படமெடுத்துக் கணினியில் சேர்க்கும் வேலை இருக்கிறது. நூலக நிறுவனம் 2005 முதல் தமிழ் ஆவணங்களை அப்படிச் சேர்த்து வருகிறது. தேவாலய ஆவணங்கள், பழைய பள்ளிக்கூடச் சேகரிப்புகள் என்று கை வைக்காத இடங்களும் நிறைய. அங்கே சம்பளம் நிரந்தரமில்லை என்பதையும் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

பாடப்பதிவை மாற்றும் காலம் முடியமுன், மகளை நல்லூர் நாவலர் வீதியிலுள்ள தொல்பொருள் நூதனசாலைக்கு அனுப்புங்கள். ஒரேயொரு பொருளின் முன் நின்று, அதன் மூலப்பொருள், உருவம், வெடிப்பு, கறை, விளக்கச்சீட்டில் உள்ளது, இல்லாதது எல்லாவற்றையும் ஒரு பக்கம் எழுதட்டும். அரை மணித்தியாலத்தில் அலுத்துவிட்டதென்றால், வேறு துணைப்பாடம் எடுக்க அப்போதும் நேரமிருக்கும்.