வெளியே வரைவதும் உள்ளே முடிப்பதும்: நிலக்காட்சி ஓவியம் பற்றிக் கேள்வி பதில்

கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன். நான் வேலை செய்வது எண்ணெய் வண்ணத்திலும் ஓரளவு குவாஷிலும்தான் (ஒளி ஊடுருவாத நீர்வண்ணம்). உருவப்படம், விற்பனை, கண்காட்சி பற்றியெல்லாம் என்னிடம் நீண்ட பதில் எதிர்பார்க்க வேண்டாம்.

கேள்வி: மேடம், வெளியே உட்கார்ந்து வரைந்தால் பாதி முடிப்பதற்குள் வெளிச்சம் மாறிவிடுகிறது. வேகமாக வரைவதுதான் ஒரே வழியா?

பதில்: வேகம் உதவாது, வரிசைதான் உதவும். சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. இரண்டு மணி நேரத்தில் மரத்தின் நிழல் வேறு பக்கம் போயிருக்கும். அதனால் முதல் பத்து நிமிடத்தில் இலை, கிளை, கல் எதையும் தொடாதீர்கள். கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். விவரங்கள் மறைந்து, வெளிச்சமும் நிழலும் இரண்டே கூட்டமாகத் தெரியும். பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு வண்ணத்தைத் தண்ணீர்போல இளக்கி, நிழல் விழும் இடத்தையெல்லாம் ஒரே தட்டையான கறையாகப் பூசிவிடுங்கள். மரத்தின் இருண்ட பக்கமும் தரையில் கிடக்கும் நிழலும் சேர்ந்திருந்தால் சேர்த்தே பூசுங்கள், நடுவில் கோடு வேண்டாம். அந்தக் கறைதான் இனி உங்கள் விதி. அப்புறம் நிழல் நகர்ந்தாலும் நீங்கள் நகரக் கூடாது.

வெயில் நாளில் ஒன்றரை மணி நேரம், மாலைச் சூரியனுக்கு அரை மணி நேரம், மேகமூட்டத்துக்கு மூன்று மணி நேரம்கூட எடுத்துக்கொள்ளலாம். பலகை 20க்கு 25 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். பிரெஞ்சு ஓவியர் மோனே வைக்கோற்போர்களை வரைந்த 1890, 91-ல் பல கான்வாஸ்களைக் கூடவே வைத்துக்கொண்டு, வெளிச்சம் மாறியதும் அடுத்ததை எடுத்தார். இரண்டாவது பலகை கையில் இருந்தால் அது உங்களாலும் முடியும்.

கேள்வி: என்னென்ன வண்ணம் எடுத்துப் போக வேண்டும்?

பதில்: டைட்டானியம் வெள்ளை, கேட்மியம் லெமன், யெல்லோ ஆக்கர் (மண் மஞ்சள்), கேட்மியம் சிவப்பு, குவினாக்ரிடோன் கிரிம்சன், அல்ட்ராமரின் (ஆழ்ந்த நீலம்), பர்ன்ட் சியன்னா. போதும். பழைய அலிசரின் கிரிம்சன் வேண்டாம், வெளிச்சத்தில் வெளுத்துப்போகும்.

கேள்வி: என் பச்சை எல்லாம் பிளாஸ்டிக் மாதிரி இருக்கிறது. எந்தப் பச்சை ட்யூப் வாங்கலாம்?

பதில்: எதுவும் வாங்க வேண்டாம். ட்யூபில் வரும் பச்சை ஒரே பச்சை. வெளியே ஒரே மரத்தில் குறைந்தது மூன்று பச்சை இருக்கும். வெயில் இலைக்குள் புகுந்து நம் பக்கம் வரும்போது அது கிட்டத்தட்ட மஞ்சள். வானத்தைப் பார்த்துப் படுத்திருக்கும் இலையின் மேற்புறம் நீலம் கலந்த சாம்பல். உள்நிழலில் இருப்பது சிவப்பை நோக்கிப் போகிற கரும்பச்சை. பெரும்பாலானவர்கள் இந்த நடுச் சாம்பலை விட்டுவிடுகிறார்கள், பிளாஸ்டிக் தோற்றம் அதனால்தான் வருகிறது.

அல்ட்ராமரினையும் ஆக்கரையும் கலந்தால் அடங்கிய ஆலிவ் பச்சை வரும். முக்கால்வாசி மரத்துக்கு அதுதான் அடித்தளம். வெயில் படும் இடத்தில் மட்டும் லெமன் சேருங்கள். நிழலுக்கு வெள்ளை சேர்க்காமல் பர்ன்ட் சியன்னா சேருங்கள். கான்வாஸில் முதலிலேயே மெல்லிய செம்பழுப்பு பூசிக் காயவைத்திருந்தால், தூரிகை விடும் இடைவெளிகளில் அந்தச் சிவப்பு எட்டிப் பார்க்கும். பச்சை அதன் பக்கத்தில்தான் உயிரோடு தெரியும்.

கேள்வி: எந்த பிராண்ட் பிரஷ் நல்லது?

பதில்: முனை விரியாத எதுவும் நல்லது. தட்டையான முனையுள்ள ஃபிளாட் இரண்டு, முனை வளைந்த ஃபில்பர்ட் ஒன்று.

கேள்வி: தூரத்து மலைக்கு எவ்வளவு நீலம் சேர்க்க வேண்டும்?

பதில்: நீலத்தில் ஆரம்பிக்காதீர்கள், முதலில் வேறுபாட்டைக் குறையுங்கள். தூரம் போகப் போக இருண்ட பகுதிகள்தான் வெளுக்கின்றன. இடையில் இருக்கும் காற்று நீல ஒளியை அதிகமாகச் சிதறடிப்பதால் அந்த வெளிச்சம் இருட்டின் மேல் படிகிறது. நிறங்களில் முதலில் மஞ்சள் போகும், பிறகு சிவப்பு. ஆனால் தூரத்து வெள்ளைக்கு நேர்மாறு: பனிச்சிகரமும் அடிவானத்து மேகமும் லேசாக மஞ்சளாகத் தெரியும், அவற்றிலிருந்து வரும் நீலம் வழியிலேயே சிதறிவிடுவதால். தூரம் என்றாலே நீலம் என்று பனிக்கும் நீலம் பூசினால் மலை முன்னால் வந்து நிற்கும்.

கேள்வி: போட்டோ பார்த்து வரையலாமா?

பதில்: வடிவத்துக்குப் பார்க்கலாம், நிறத்துக்கும் அளவுக்கும் நம்பக் கூடாது. போன் கேமராவின் லென்ஸ் அகலமாகப் பிடிப்பதால் மலை சுருங்கி, முன்னால் இருக்கும் தரை நீளும். கண் பார்க்கும் நிழலில் நிறம் இருக்கும், படத்தில் கருப்புதான் இருக்கும்.

கேள்வி: டர்பன்டைன் வாசனை வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. மாற்று உண்டா?

பதில்: உண்டு. லின்சீட் எண்ணெயில் பிரஷைக் கழுவித் துடைத்து, கடைசியில் சோப்பு போடுங்கள். ஆனால் ஒன்றை எழுதி ஸ்டூடியோ சுவரில் ஒட்டுங்கள்: எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். லின்சீட் எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான் காய்கிறது, அப்போது சூடு வெளிப்படுகிறது. சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு தேங்கி, தீப்பொறியே இல்லாமல் தானாகப் பற்றிக்கொள்ளும். ஒற்றையாக விரித்து வெளியே காயவையுங்கள், இல்லையென்றால் தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் மூடி வையுங்கள்.

கேள்வி: அக்கா, வெளியே ஆரம்பித்த படத்தை ஸ்டூடியோவில் தொட்டு முடித்தால் அது ஏமாற்று இல்லையா? நேரில் பார்க்காததைச் சேர்ப்பதுதானே அது?

பதில்: ஏமாற்று இல்லை. ஆங்கில ஓவியர் கான்ஸ்டபிள் 1821, 22-ல் திறந்தவெளியில் மேகங்களை எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். பல தாள்களின் பின்னால் தேதி, நேரம், காற்றின் திசைகூட எழுதியிருக்கிறார். அதே மனிதர் ஆறடி கான்வாஸ்களை ஸ்டூடியோவில்தான் செய்தார். இன்னொரு ஆங்கில ஓவியர் டர்னரின் சுமார் 300 ஸ்கெட்ச் புத்தகங்கள் இன்றும் இருக்கின்றன. பயணத்தில் பெரும்பாலும் பென்சில், வண்ணம் பிறகு.

கேள்வி (அதே தம்பி): அது பழைய காலம் அக்கா. 1841-ல் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் தகர ட்யூபுக்கு காப்புரிமை வாங்கிய பிறகு வண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போவது சுலபமாகிவிட்டது. மோனே 1870-ல் பிரான்சின் ட்ரூவில் கடற்கரையில் வரைந்த படத்தின் வண்ணத்துக்குள் மணல் துகள்களே இருக்கின்றன. தனக்கு ஸ்டூடியோவே கிடையாது என்று பேட்டியில் சொன்னவர் அவர்.

பதில்: சொன்னார், 1880-ல். மணலும் உண்மை. ஆனால் அந்த மணல் அவர் கடற்கரையில் வரைந்தார் என்பதற்குத்தான் சாட்சி, வீட்டில் தொடவே இல்லை என்பதற்கு ஆகாது. ரூவான் தேவாலயப் படங்களைப் பாருங்கள். 1892-லும் 93-லும் ரூவானில் வரைந்தார், பிறகு ஜிவெர்னியில் இருந்த தன் வீட்டு ஸ்டூடியோவில் வைத்துத் திருத்தினார். பலவற்றில் 1894 என்று தேதி போட்டதும் அங்கேதான்.

கேள்வி (வேறொருவர்): குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். கான்ஸ்டபிளின் ஸ்கெட்சுகளைத்தான் இன்று பலர் அதிகம் விரும்புகிறார்கள். அப்படியென்றால் முடித்தது கெடுத்தது என்றுதானே அர்த்தம்?

பதில்: இது நல்ல கேள்வி. மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1821-ல் அவர் காட்சிக்கு வைத்த ‘ஹே வெயின்’ படத்துக்கு அதே அளவில் ஒரு எண்ணெய் ஸ்கெட்ச் செய்தார். முடித்த படம் லண்டன் நேஷனல் கேலரியில், ஸ்கெட்ச் அதே ஊரின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில். ஸ்கெட்சில் வேகம் இருக்கிறது, முடித்ததில் ஒழுங்கு இருக்கிறது. எனக்கும் ஸ்கெட்ச்தான் பிடிக்கும். ஆனால் இரண்டையும் நாம் இன்று ஒப்பிட முடிவதற்குக் காரணம், அவர் ஸ்கெட்சின் மேலேயே திருத்தாமல் வேறு கான்வாஸில் செய்ததுதான்.

என் நிலை இதுதான். ஸ்டூடியோவில் தாராளமாக வேலை செய்யுங்கள். வெளியே வரைந்த பலகையை மட்டும் தொடாதீர்கள். அது அந்த நேரத்து வெளிச்சத்தைப் பார்த்து எழுதிய குறிப்பு. வானம் அழுக்காக இருந்தால் இருக்கட்டும். பிறகு வீட்டு விளக்கில் ‘சரிசெய்ய’ ஆரம்பித்தால், நிழலில் நீங்கள் சரியாகப் பிடித்த ஊதாவை நினைவில் இருக்கும் பழுப்பு மூடிவிடும். அப்புறம் உண்மையான நிறம் எது என்று கேட்கச் சாட்சியே இருக்காது. பலகையை ஈசலுக்குப் பக்கத்தில் மாட்டி, புது கான்வாஸில் வரையுங்கள். மரத்தை நகர்த்துங்கள், பாதையை வளையுங்கள். சந்தேகம் வரும்போதெல்லாம் நிறத்துக்குப் பலகையைப் பாருங்கள்.

கேள்வி (முதல் தம்பி): அப்படியென்றால் மோனே செய்தது தவறா?

பதில்: அவர் அதே காட்சியை முப்பது முறைக்கு மேல் வரைந்தவர். ஒன்றைத் திருத்தும்போது மற்றவை சாட்சியாக இருந்தன. நம்மிடம் இருப்பது ஒரே பலகை. வாதம் இதோடு போதும், மற்ற கேள்விகள் காத்திருக்கின்றன.

கேள்வி: போட்டோவை டிரேஸ் எடுத்து வரையலாமா?

பதில்: போட்டோ பற்றி மேலே இருக்கிறது.

கேள்வி: ஸ்டூடியோவுக்கு வடக்கு ஜன்னல்தான் வேண்டும் என்கிறார்களே?

பதில்: நேரடி வெயில் வராத ஜன்னல் வேண்டும். அது நில நடுக்கோட்டுக்கு வடக்கே வெகுதூரம் போனால் வடக்கு, தெற்கே வெகுதூரம் போனால் தெற்கு. வெப்ப மண்டலத்தில் வருடத்தில் சில மாதம் வடக்கிலும் வெயில் வரும், வெள்ளைத் திரை போடுங்கள். விளக்கு என்றால் 5000 கெல்வின் (பகல் வெளிச்சம் போன்ற வெள்ளை), சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 90-க்கு மேல். ஈசலுக்கும் பாலெட்டுக்கும் ஒரே விளக்கு.

கேள்வி: வார்னிஷ் எப்போது அடிப்பது?

பதில்: மெல்லிய படத்துக்கு ஆறு மாதம், தடிமனுக்கு ஒரு வருடம் அல்லது அதற்கு மேல். தொட்டால் ஒட்டவில்லை என்பது காய்ந்ததற்கு அடையாளம் அல்ல. துடைக்கும் துணிக்கும் நான் மேலே சொன்னது பொருந்தும், விரித்துக் காயவையுங்கள்.

கேள்வி: பயணம் போய் வரைய ஆசை. எந்த மாதிரி இடம் தேர்ந்தெடுக்கலாம்?

பதில்: திரும்பப் போக முடிகிற இடம். முதல் நாள் பென்சில் மட்டும் எடுத்துப் போங்கள். எந்த மணிக்கு எந்தப் பக்கம் நிழல் என்று குறித்துக்கொள்ளுங்கள். புகழ்பெற்ற காட்சிமுனை வேண்டியதில்லை. பிரெஞ்சு ஓவியர் செசான், சாந்த் விக்துவார் என்ற ஒரே மலையைப் பல வருடம், திரும்பத் திரும்ப வரைந்தார். புது இடத்தில் கண் புதுமையைத்தான் பார்க்கும், நிழலின் வடிவத்தைப் பார்க்க அதற்கு இரண்டாவது நாள் வேண்டும்.

கேள்வி: உருவப்படத்துக்குத் தோல் நிறம் எப்படிக் கலப்பது?

பதில்: உருவப்படம் வரைகிறவரிடம் கேளுங்கள்.

கேள்வி: போட்டோவை புரொஜெக்டரில் போட்டு...

பதில்: மேலே, இரண்டு முறை.

கேள்வி: விமானத்தில் போகிறேன். எண்ணெய் வண்ணத்தை அனுமதிப்பார்களா? ஈரப் படத்தை எப்படிக் கொண்டுவருவது?

பதில்: ஓவிய எண்ணெய் வண்ணத்தில் இருப்பது தாவர எண்ணெய், சுலபமாகத் தீப்பிடிக்கும் திரவம் அல்ல. செக்-இன் பெட்டியில் வையுங்கள், தயாரிப்பாளர் தரும் பாதுகாப்புத் தாளின் பிரதியையும் கூட வையுங்கள். யாராவது கேட்டால் ‘பெயின்ட்’ என்று சொல்லாமல் ‘ஓவியருக்கான வண்ணம்’ என்று சொல்லுங்கள். டர்பன்டைனை எந்தப் பெட்டியிலும் கொண்டுபோக முடியாது, போகும் ஊரில் வாங்கிக்கொள்ளுங்கள். ஈரப் பலகை இரண்டை முகத்தோடு முகம் பார்க்க வைத்து, நான்கு மூலையிலும் தக்கைத் துண்டு கொடுத்து, வெளிப்பக்கம் டேப் சுற்றினால் ஒன்றோடொன்று ஒட்டாது. தக்கை வைக்கும் மூலைகளில் வரையும்போதே தடிமனாகப் பூசாமல் விட்டுவிடுங்கள்.