ரக்மேனுக்குப் போனது ஃபார்மா, இடமா? – கேள்வி பதில்

இந்த முறை முழுக்க ஆஸ்திரேலிய ஃபுட்டியின் (ஆஸ்திரேலியன் ரூல்ஸ் கால்பந்தின்) ரக்மேன் பற்றித்தான். அம்பயர் பந்தை மேலே விடும்போது எதிராளியோடு எம்பி, தன் அணிக்காரர் கைக்குத் தட்டிவிடுகிற நெட்டையர். அவர் சறுக்கும்போது எதை வைத்து எடைபோடுவது என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள்.

கேள்வி: அண்ணா, எங்கள் டீம் ரக்மேன் போன வருடம் பிரமாதம். இந்த வருடம் அவருடைய ஹிட்-அவுட் பாதியாகிவிட்டது. ஃபார்ம் போய்விட்டது என்று சொல்லலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். ஹிட்-அவுட் என்பது பந்தை முதலில் தட்டியவர் யார் என்ற கணக்கு மட்டும்தான். தட்டிய பந்து எதிரணி கையில் போய் விழுந்தாலும் அது ஹிட்-அவுட்தான்.

முதலில், அவர் எத்தனை ரக் மோதல்களில் நின்றார் என்று எண்ணுங்கள். நடுவட்ட மோதல் நான்கு கால்பகுதித் தொடக்கத்துக்கு நான்கு, ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் ஒன்று. இரண்டு அணியும் சேர்ந்து 24 கோல் போட்டால் ஏறத்தாழ 28. கோல் குறைந்த மழை ஆட்டத்தில் இது சுருங்கும், எல்லைக்கோட்டு த்ரோ-இன் (வெளியே போன பந்தை அம்பயர் உள்ளே எறிவது) கூடும். அணியில் இரண்டாவது ரக்மேனைச் சேர்த்திருந்தால் இவர் பங்கு தானாகவே குறையும். எண்ணிக்கை பாதியானதற்குக் காரணம் வேலை பாதியானதாகவும் இருக்கலாம்.

அடுத்து, தட்டியதில் எத்தனை நேராக நம் ஆள் கைக்குப் போனது? புள்ளிவிவரக்காரர்கள் இதை 'சாதகமான ஹிட்-அவுட்' என்று தனியாகவே எண்ணுகிறார்கள். நல்ல ரக்மேனுக்குக்கூடப் பெரும்பாலான தட்டல்கள் யார் கைக்கும் நேராகப் போவதில்லை. 40 தட்டி ஆறு சாதகமாகப் போனவரைவிட, 22 தட்டி எட்டு சாதகமாக்கியவரைத்தான் நான் அணியில் வைப்பேன்.

மூன்றாவது, என் கணக்கில் இதுதான் மூத்தது: தட்டியபின் வரும் ஐந்தாறு விநாடி. கால் தரையில் பட்டதும் அடுத்த அடி எந்தப் பக்கம் போகிறது? பந்து கீழே கிடந்தால் குனிகிறாரா, எதிரணி மிட்ஃபீல்டரை டேக்கிள் செய்கிறாரா, தன் ஆளுக்கு வழிவிட்டு உடம்பால் மறைக்கிறாரா? நின்ற இடத்திலேயே நின்று பார்க்கத் தொடங்கிவிட்டாரென்றால், ஹிட்-அவுட் எண்ணிக்கை ஏறியிருந்தாலும் அவர் சறுக்கிக்கொண்டுதான் இருக்கிறார்.

கேள்வி: வீடியோ போட்டுப் பார்த்து எப்படிக் குறிப்பெடுப்பது? எங்கள் கிளப்பில் பகுப்பாய்வாளர் கிடையாது. ஒரு நோட்டும் பேனாவும்தான்.

பதில்: அது போதும். கடைசி நான்கு ஆட்டங்களிலிருந்து மோதல்களை எடுங்கள். ஒரே ஆட்டத்தில் எடுத்தால் ஒரே ஒரு எதிராளியை வைத்துத் தீர்ப்பு எழுதிவிடுவீர்கள். மூன்று வகையாகப் பிரியுங்கள்: நடுவட்டம், மைதானத்தின் மற்ற இடங்களில் அம்பயர் பந்தை மேலே விடும் பால்-அப், எல்லைக்கோட்டு த்ரோ-இன். வகைக்கு 20 வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நான்கு விஷயம் எழுதுங்கள்: முதலில் தொட்டது யார், பந்து விழுந்த இடம், முதலில் எடுத்தது யார், ஐந்தாவது விநாடியில் நம் ரக்மேன் எங்கே.

எந்த வகையில் சரிவு என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. நடுவட்டத்தில் மட்டும் தோற்றால் கால் எம்பவில்லை என்று அர்த்தம். முழங்காலையோ கணுக்காலையோ சந்தேகியுங்கள். த்ரோ-இன்னில் மட்டும் தோற்றால் எம்பலில் கோளாறில்லை, நிற்கும் இடம் தவறுகிறது: பந்து இறங்கும் இடத்தை முதலில் பிடிக்காமல் எதிராளியின் முதுகுக்குப் பின்னால் மாட்டிக்கொள்கிறார். மூன்று வகையிலும், ஆனால் கடைசி கால்பகுதியில் மட்டும் தோற்றால், மூச்சு போதவில்லை அல்லது பெஞ்சில் ஓய்வு சரியாகக் கிடைக்கவில்லை.

ஒரு மோதலை நிறுத்தி நிறுத்திப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். அணிக்குள் திசையைக் கடிகார முள்ளாகச் சொல்வார்கள். நாம் கோல் போடும் பக்கம் 12 மணி. பத்து மணிப் பக்கம் தட்டு என்று பேசி வைத்திருக்கிறார்கள் என்று வையுங்கள். ரக்மேன் மூன்று நான்கு எட்டில் ஓடி வந்து ஒற்றைக் காலில் எம்புகிறார், மற்ற முழங்கால் மேலே வருகிறது. கை முழுதாக நீண்டிருக்கும்போது விரல் நுனி பட்டால் பந்து பத்து மணிப் பக்கம் ஓடிவருபவரின் மார்புக்கு முன்னால் விழும். அரை எட்டு முந்திவிட்டால் பந்து தலைக்குப் பின்னால் போய், உள்ளங்கை பட்டு, காலடியிலேயே விழும். அங்கே எதிரணியின் குள்ளமான ஆள் தயாராக நிற்பார். வெளியே பார்ப்பவருக்கு 'தட்டினார், ஜெயித்தார்' என்றுதான் தெரியும். ஆனால் அந்தத் தட்டல் நஷ்டம்.

இன்னொன்று, இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்: டிவி கேமரா பந்தின் பின்னாலேயே போகும். தட்டியபின் ரக்மேன் என்ன செய்தார் என்பது அதில் பாதி நேரம் தெரியாது. முடிந்தால் கோல் கம்பத்துக்குப் பின்னால் உயரத்திலிருந்து யாரையாவது படம் எடுக்கச் சொல்லுங்கள். செல்போன் போதும்.

கேள்வி: முழங்கால் என்றீர்கள். ரக்மேன்களுக்கு ஏன் எப்போதும் அங்கேயே அடிபடுகிறது?

பதில்: இருவர் எதிரெதிரே ஓடிவந்து முழங்காலை முன்னால் நீட்டி எம்பினால், எதிராளியின் முழங்கால் நம் கெண்டைக்கால் எலும்பின் மேல்பகுதியில் இடித்து அதைப் பின்னுக்குத் தள்ளும். அப்போது அடிபடுவது பின் சிலுவைத் தசைநார், பி.சி.எல். இது பெருகியதால்தான் 2005-ல் நடுவில் 10 மீட்டர் வட்டம் போட்டு, ரக்மேன்கள் அதற்குள்ளிருந்துதான் ஓடிவர வேண்டும் என்று வைத்தார்கள். ஓட்டம் குறைந்தது, இடியும் குறைந்தது.

வீடியோவில் கவனிக்க வேண்டியது: எம்பும் காலை மாற்றிக்கொண்டாரா, இறங்கும்போது ஒரு காலை மட்டும் நம்புகிறாரா, எம்ப வேண்டிய இடத்தில் எம்பாமல் உடம்பைக் கொடுத்து மல்லுக்கட்டுகிறாரா. அப்படியிருந்தால் பயிற்சியைக் கூட்டாதீர்கள், பிசியோவிடம் அனுப்புங்கள். வீடியோ பார்த்து வைத்தியம் சொல்ல யாராலும் முடியாது, நானும் சொல்ல மாட்டேன்.

கேள்வி: என் ஃபேன்டசி டீமில் எந்த ரக்மேனை எடுக்கலாம்?

பதில்: ஃபேன்டசி புள்ளிக்கும் ஆட்டத்தின் மதிப்புக்கும் கணக்கு வேறு. அதை அந்த விளையாட்டில் ஊறியவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: பிராடி கிரண்டி ஒரு காலத்தில் லீக்கின் முதல் ரக்மேன். பிறகு இரண்டாம் நிலைப் போட்டியான வி.எஃப்.எல். வரை இறக்கினார்கள். பிறகு சிட்னியில் மறுபடி எழுந்தார். நடுவில் ஃபார்ம் எங்கே போனது?

பதில்: நல்ல கேள்வி. இந்தப் பேச்சுக்கே சரியான உதாரணம் அவர்தான்.

2018, 2019 இரண்டு வருடமும் காலிங்வுட் கிளப்பின் சிறந்த வீரர் விருது அவருக்கு, இரண்டு வருடமும் லீக்கின் சிறந்த வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஆல்-ஆஸ்திரேலியன் அணியில் இடம். 2020-ல் ஏழு வருட ஒப்பந்தம். அந்த வருடமே ஆட்டம் சற்று இறங்கியது. 2022 ஆன்சாக் நாள் (ஏப்ரல் 25) ஆட்டத்தில் பி.சி.எல். காயம், அதன்பின் காலிங்வுட்டுக்கு ஆடவே இல்லை. அந்த வருட முடிவில் மெல்பர்ன் கிளப்புக்குப் போனார். அங்கே முதன்மை ரக்மேனாக ஏற்கெனவே மேக்ஸ் கான் இருந்தார். லூக் ஜாக்சன் ஃபிரிமேண்டலுக்குப் போன காலியிடத்தில் இவரை வைத்தார்கள்.

ஜாக்சனும் கிரண்டியும் ஒரே மாதிரி ஆள் இல்லை. ஜாக்சன் ஃபார்வர்டில் நின்று ஆடவும் பழகியவர். கிரண்டியின் பலம் வேறு: மோதலுக்குப் பிறகு நான்காவது மிட்ஃபீல்டர் மாதிரி ஓடுவது, தரைப் பந்தை எடுப்பது, டேக்கிள். அவரைக் கொண்டுபோய் ஃபார்வர்டில் நிறுத்தினால் அந்தப் பலம் ஒன்றும் வேலைக்கு வராது. மீனைக் கரையில் போட்டு நீந்து என்ற மாதிரி. 2023-ன் பிற்பகுதியில் வி.எஃப்.எல்.லுக்கு இறக்கினார்கள். 2024-ல் சிட்னி அவரை முதன்மை ரக்மேனாக வைத்தது. அணி கிராண்ட் ஃபைனலுக்குப் போனது.

அவருக்குப் போனது ஃபார்ம் இல்லை, இடம். உங்கள் ரக்மேனைப் பார்க்கும்போதும் முதலில் இதைக் கேளுங்கள்: அவர் பலத்துக்கு ஏற்ற நிமிடங்கள் எத்தனை கிடைக்கின்றன?

கேள்வி: எங்கள் ஆளுக்கு ஆட்டத்துக்கு 18 ஹிட்-அவுட்தான் வருகிறது. மோசமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். எத்தனை மோதலில் நின்றார் என்று தெரியாமல் 18 என்பதற்கு அர்த்தமே இல்லை.

கேள்வி: உண்மையைச் சொல்லுங்கள் அண்ணா, ரக்மேனுக்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவையா? 2024 கிராண்ட் ஃபைனலில் பிரிஸ்பேனின் முதல் ரக்மேன் மெக்கினர்னி தோள் காயத்தால் இல்லை. மாற்று ஆள் டார்சி ஃபோர்ட் ஆடினார். எதிரே உங்கள் கிரண்டி. பிரிஸ்பேன் 120-60 என்று ஜெயித்தது. 1992-ல் ஸ்காட் வின்ட் வாங்கியபின் 2025 வரை எந்த முழுநேர ரக்மேனும் லீக்கின் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கம் வாங்கவில்லை.

பதில்: தகவல் எல்லாம் சரி. முடிவு பாதிதான் சரி.

2024-ல் ஃபோர்ட் கிரண்டியை ஜெயிக்க வேண்டிய கட்டாயமே இல்லை. பந்து யாருக்கும் சுத்தமாகப் போகாமல் கெடுத்தால் போதும். கெட்ட பந்து தரைக்கு வந்தால் லாக்கி நீல், ஜாஷ் டங்க்லி, வில் ஆஷ்கிராஃப்ட் எடுத்துக்கொள்வார்கள். மிட்ஃபீல்டு வலுவான அணிக்கு ரக்மேன் சமன் செய்தால் போதும் என்பதுதான் அந்த ஆட்டம் காட்டுவது. ரக்மேனே வேண்டாம் என்பதை அது காட்டவில்லை.

மறுபக்கம் 2021 கிராண்ட் ஃபைனல். மூன்றாம் கால்பகுதியில் 19 புள்ளி பின்தங்கியிருந்த மெல்பர்ன் கடைசியில் 74 புள்ளியில் ஜெயித்தது. அந்த எழுச்சி நடுவட்டத்திலிருந்து கிளம்பியது. கோல் விழுந்ததும் பந்து நடுவுக்கு வருகிறது, அங்கே ஒரு பக்கத்துக்கு நாலு பேர்தான், சுற்றிலும் வெட்டவெளி. அங்கே பந்து கைக்கு வந்தால் நேரே ஃபார்வர்டுக்குப் போகலாம். அந்த நேரத்தில் ரக்மேனின் மதிப்பு மற்ற நேரத்தைவிடப் பல மடங்கு.

கேள்வி (அதே அன்பர்): ரிச்மண்ட் 2017-ல் ஷான் கிரிக் என்ற மிட்ஃபீல்டரை இரண்டாவது ரக்காக நிறுத்தியே கோப்பை வாங்கியதே?

பதில்: இரண்டாவது ரக்காக என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். முதல் ரக் டோபி நான்கர்விஸ். கிரிக் நின்றது நான்கர்விஸ் மூச்சு வாங்கும் சில நிமிடங்களுக்கு. அந்த நிமிடங்களில் தட்டலை விட்டுக்கொடுத்து, தரையில் ஒரு மிட்ஃபீல்டரைக் கூடுதலாக வைத்தார்கள். தெரிந்தே செய்த பண்டமாற்று அது. உங்கள் கிளப்பிலும் தாராளமாகச் செய்யலாம், ஆனால் எதிரணி ரக்மேன் நாம் காக்கும் கோலுக்கு அருகே நிற்காத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். 190 செ.மீ. ஆள் 205 செ.மீ. ஆளுக்கு எதிராக கோல் முகத்தில் த்ரோ-இன் மோதலில் நின்றால், தட்டல் நேரே எதிரணி கோலாகவே முடியும்.

பிரவுன்லோவை வைத்து ரக்மேனை அளக்காதீர்கள். அதற்கு வாக்களிப்பவர்கள் அம்பயர்கள், அவர்கள் கண் பந்து எடுப்பவர் மேல்.

கேள்வி: 2026 விதி மாற்றத்தால் யாருக்கு லாபம்?

பதில்: எம்புகிறவருக்கு. நடுவில் பந்தைத் தரையில் அடித்து எழுப்பும் பழக்கம் போய்விட்டது; அம்பயர் மேலே எறிகிறார். பந்து கோணலாகப் போகாது, எனவே நேரம் கணித்து எம்பலாம். வட்டத்தின் நடுக்கோட்டைத் தாண்டிப்போய் எதிராளியோடு மல்லுக்கட்டுவதும் நடுவட்டத்தில் தடை. கனத்த உடம்பை வைத்தே காலம் தள்ளிய ரக்மேனின் நடுவட்ட எண்கள் இறங்கினால், அதை ஃபார்ம் சரிவு என்று எழுதும் முன் த்ரோ-இன் எண்களைப் பாருங்கள். அவை அப்படியே இருந்தால் ஆள் மாறவில்லை, விதிதான் மாறியிருக்கிறது.

கேள்வி: என் பையனுக்கு 16 வயது, 193 செ.மீ. ரக்கில் விடுகிறார்கள். ஒவ்வொரு தட்டலும் தோற்கிறான், மனம் நொந்துவிடுகிறான்.

பதில்: வளரும் உடம்பு. ரக்மேன்கள் தேறுவதற்கு மற்றவர்களைவிடக் காலம் பிடிக்கும். பெரிய கிளப்புகளே 22, 23 வயது வரை பொறுக்கின்றன. இப்போதைக்கு அவனிடம் தட்டல் கணக்கே கேட்காதீர்கள்.

வாரம் இரண்டு நாள், 15 நிமிடம் போதும். ஒருவர் பந்தை மேலே எறிய, எதிராளி இல்லாமல் பத்து எம்பல். இடக்கால் ஐந்து, வலக்கால் ஐந்து. கூம்பு ஒன்றை மூன்று மீட்டர் தள்ளி வைத்து, தட்டும் பந்து அதன் மேல் விழ வேண்டும். அடுத்து எம்பாமல் வெறும் இடம்பிடிப்பு: த்ரோ-இன் மாதிரி தலைக்குப் பின்னால் எறிந்து, பந்து விழும் இடத்தை யார் முதலில் பிடிக்கிறார் என்று ஆறு முறை. கடைசியாக, தட்டி இறங்கியதும் ஐந்து மீட்டர் ஓடித் தரைப் பந்தை எடுப்பது. முழங்கால் வலி என்றால் அன்றைக்கு எம்பல் வேண்டாம்.

கேள்வி: ஹிட்-அவுட் அதிகம் உள்ளவர்தானே நல்ல ரக்மேன்?

பதில்: இல்லை. இதே கேள்வி நாலாவது முறை வருகிறது. இனி இதற்குப் பதில் எழுதப்போவதில்லை.

கேள்வி: எத்தனை வாரம் பொறுத்து அணியிலிருந்து எடுக்கலாம்? கோச் கமிட்டியில் சண்டை.

பதில்: வாரக் கணக்கை விடுங்கள். நான்கு ஆட்டத்துக் குறிப்பில் காரணம் எது என்று பாருங்கள். உடம்பு என்றால் இன்றே எடுங்கள், அடுத்த வாரம் வரை காத்திருக்காதீர்கள். இடம் என்றால் அவரை எடுக்க வேண்டாம். இரண்டாவது ரக்கை எடுத்துவிட்டு அவருக்கு முழு வேலை கொடுத்து மூன்று ஆட்டம் பாருங்கள். தொழில்நுணுக்கம் என்றால் இரண்டாம் அணிக்கு அனுப்பலாம், ஆனால் கையில் ஒரே ஒரு வேலையோடு அனுப்புங்கள். "போய் ஃபார்மைத் தேடிக்கொண்டு வா" என்று அனுப்பினால் எதைத் தேடுவார்? "த்ரோ-இன்னில் எதிராளிக்கு முன்னால் நில், பத்தில் ஆறு" என்று சொல்லுங்கள். ஆறு வந்தால் கூப்பிடுங்கள்.