பிரிட்டிஷ் தேசியக் கட்சி இடதுசாரியா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரிட்டனின் சிறிய கட்சிகளைப் பற்றிய தங்கள் கட்டுரையில் பிரிட்டிஷ் தேசியக் கட்சியை ஓரிடத்தில் ‘அதிவலதுசாரிக் கட்சி’ என்றும், இன்னோரிடத்தில் ‘நாஜிக் கட்சி’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். இறக்குமதிக்குக் கட்டுப்பாடு, தொழிலாளர்களுக்கு நிறுவனத்தில் பங்கு, ஆப்கானிஸ்தானிலிருந்து படைகளைத் திரும்பப் பெறுதல் என்றெல்லாம் கேட்ட கட்சி எப்படி வலதுசாரியாகும்? அது உண்மையில் இடதுசாரிக் கட்சியே என்று பிரிட்டனிலேயே சிலர் வாதிட்டிருக்கிறார்கள். பிடிக்காதவர்களை ஏசத்தானே இந்தச் சொற்கள்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நீங்கள் அடுக்கியிருக்கும் கோரிக்கைகள் அந்தக் கட்சியிடம் இருந்தவைதான். ஆனால் சந்தையைக் கட்டுப்படுத்துவதா விட்டுவிடுவதா என்பது ஓர் அளவுகோல், பிறப்பை வைத்து மனிதரைத் தரம் பிரிக்கலாமா என்பது வேறோர் அளவுகோல். அதிவலது என்னும் சொல் இரண்டாவதைச் சார்ந்தது.

தேர்தல் அறிக்கை வாக்காளரை நோக்கி எழுதப்படுவது. தன் ஆட்களிடம் ஒரு கட்சி என்ன பேசிக்கொள்கிறது என்று அறிய அதன் விதிகளைப் புரட்ட வேண்டும். வெள்ளையரல்லாதோரின் குடியேற்றத்தைத் தடுத்துத் திருப்பி, 1948-க்கு முன்பு இருந்ததுபோல் பிரிட்டனை மிகப் பெரும்பான்மையாக வெள்ளையர் வாழும் நாடாக மீட்பது நோக்கம் என்று இக்கட்சியின் விதிகளில் இருந்தது. அந்த ஆண்டைக் கவனியுங்கள். 1948 ஜூனில்தான் கரீபியத் தீவுகளிலிருந்து குடியேற வந்தவர்களை ஏற்றிக்கொண்டு எம்பயர் விண்ட்ரஷ் கப்பல் இங்கிலாந்தின் டில்பரி துறைமுகத்தை அடைந்தது; வெள்ளையரல்லாதோர் குடியேற்றத்தின் தொடக்க அடையாளமாக அதைச் சொல்வார்கள். இந்த மீட்பு சட்ட மாற்றத்தாலும் பேச்சுவார்த்தையாலும் இசைவாலும் நடக்கும் என்றும் எழுதியிருந்தார்கள். யாருடைய இசைவு என்பதைத்தான் நம்மால் ஊகிக்க முடியவில்லை.

உறுப்பினராவதற்கும் இனமே தகுதியாக இருந்தது. சமத்துவ, மனித உரிமை ஆணையம் வழக்குத் தொடுத்த பிறகு, 2010 பிப்ரவரியில் அந்த விதியை மாற்றினார்கள். மாற்றிய விதிகளும் மறைமுகமாகப் பாகுபாடு காட்டுகின்றன என்று அடுத்த மாதமே லண்டன் நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. தொழிலாளர்களுக்குப் பங்கு கேட்ட கட்சியில், அதே ஆலையில் அடுத்த இயந்திரத்தருகே நிற்கும் கறுப்பினத் தொழிலாளி அதுவரை சேரவே முடியாது என்றால், அந்தக் கோரிக்கையை இடதுசாரிக் கோரிக்கை என்று நான் எண்ண மாட்டேன்.

‘நாஜிக் கட்சி’ என்று எழுதியதில் நீங்கள் சொல்வது பாதி சரி. 1982-இல் கட்சியைத் தொடங்கிய ஜான் டிண்டல், 1960-களின் தொடக்கத்தில் காலின் ஜோர்டன் நடத்திய, பெயரில் சோசலிசம் இருந்தாலும் நாஜிக் கொள்கை கொண்ட தேசிய சோசலிச இயக்கத்தில் இருந்தவர். துணை ராணுவக் குழு அமைத்த குற்றத்துக்காக 1962-இல் சிறை சென்றவர். 1999-இல் தலைமைக்கு வந்த நிக் கிரிஃபின் அந்தத் தோற்றத்தைக் களையப் பாடுபட்டார். ஆனால் அவரே அதற்கு முந்தைய ஆண்டு இனவெறுப்பைத் தூண்டியதாகத் தண்டிக்கப்பட்டவர். மாறியது உடையா உள்ளமா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உடைதான் என்பது என் கணிப்பு. கணிப்பைப் பெயராகச் சூட்டியது என் பிழை.

வாக்களித்தவர்கள் வேறு. 2009 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் இக்கட்சிக்கு ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளும் இரண்டு இடங்களும் கிடைத்தன. ஃபோர்டு ஆலையில் கார் உற்பத்தி 2002-இல் நின்றுபோன, கிழக்கு லண்டனின் டாகனம் பகுதியில், மாநகராட்சி வீட்டுக்குக் காத்திருந்து சலித்து இக்கட்சிக்கு வாக்களித்தவரை நாஜி என்றழைத்தால், அவருடைய குறை நம் காதில் விழாமலே போகும். அப்பகுதியின் உள்ளாட்சி அமைப்பான பார்க்கிங் அண்ட் டாகனம் மன்றத்தில் 2006-இல் 12 இடங்களை வென்ற கட்சி, 2010-இல் அத்தனையையும் இழந்தது.

சொல்லை அளந்து வழங்க வேண்டும் என்பதை ஏற்கிறேன். பிரிட்டனின் இன்னொரு வலதுசாரிக் கட்சியான ரிஃபார்ம் யுகேயை அதிவலது என்று குறிப்பிட்டதற்காக 2024-இல் பிபிசி மன்னிப்புக் கேட்டது. அக்கட்சியைப் பற்றி வாதிட இடமுண்டு. இனத்தை விதியாகவே எழுதிவைத்திருந்த பிரிட்டிஷ் தேசியக் கட்சியைப் பற்றி அப்படி இடமில்லை. எனவே கட்டுரையில் ‘நாஜிக் கட்சி’ என்பதை, ‘நாஜி இயக்கத்திலிருந்து வந்த ஒருவர் தொடங்கிய அதிவலதுசாரிக் கட்சி’ என்று திருத்தியிருக்கிறேன். ‘அதிவலதுசாரி’ இருந்த இடத்திலேயே இருக்கிறது.