லடாக்கிலுள்ள லே வந்த பிறகு 7 மாதக் குழந்தையின் தோல் வெடிக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவியும் கேட்கவில்லை. என்ன செய்வது?

கேள்வியில் நீங்கள் சொன்னது: அக்டோபரில் வேலை மாற்றலாகித் திருநெல்வேலியிலிருந்து லே வந்திருக்கிறீர்கள். ஊரில் செய்ததுபோலவே அத்தை தினமும் எண்ணெய் தேய்த்து, பயத்தமாவு போட்டு, நல்ல வெந்நீரில் குளிப்பாட்டுகிறார். கன்னம் சிவந்து சொரசொரப்பாகிவிட்டது, கெண்டைக்கால் செதில் செதிலாக உரிகிறது. க்ரீமும் ஒரு ட்யூப் வாங்கித் தடவுகிறீர்கள்.

அத்தையின் கைப்பக்குவத்தில் குறை இல்லை. அந்த முறை காற்றிலேயே ஈரம் நிறைந்த ஊருக்காக உருவானது. சென்னைக் காற்றில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 20 கிராம் நீராவி இருக்கும். லேயின் குளிர்காலத்தில் -10 டிகிரிக் காற்று எவ்வளவு முயன்றாலும் 2.4 கிராமுக்கு மேல் தாங்காது. அதே காற்றை அறைக்குள் புக்காரி (புகைக்குழாய் வைத்த கணப்படுப்பு) 20 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் 14 விழுக்காடுக்குக் கீழே போய்விடும். அந்தக் காற்று எங்கே ஈரம் கிடைத்தாலும் உறிஞ்சும், அருகில் கிடப்பது குழந்தையின் தோல். பெரியவர்களைவிடக் குழந்தையின் மேல்தோல் மெல்லியது, எடைக்கு ஒப்பிட்டால் பரப்பும் அதிகம். அதனால்தான் உங்கள் கை லேசாக வறண்டிருக்கும்போதே குழந்தையின் கால் வெடித்துவிடுகிறது.

முதலில் குளியலை மாற்றுங்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை போதும். மற்ற நாட்களில் முகம், கழுத்து மடிப்பு, அக்குள், டயாப்பர் பகுதியை மட்டும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். தண்ணீர் 37 டிகிரி, அதாவது உங்கள் முழங்கையை உள்ளே விட்டால் சூடும் தெரியக்கூடாது, குளிர்ச்சியும் தெரியக்கூடாது. அதற்கு மேல் சூடானால் தோலின் இயற்கையான கொழுப்பு கரைந்து போகும். நேரம் 5 நிமிடம், மிஞ்சினால் 10. வெயில் விழும் அறையில் நண்பகலில் குளிப்பாட்டினால் குழந்தை நடுங்காது, நீங்களும் அவசரப்பட வேண்டியிருக்காது.

பயத்தமாவை நிறுத்திவிடுங்கள். மாவின் துகள் வெடித்த தோலில் தேய்க்கும் காகிதம் மாதிரி உராயும். உடைந்த தோல் வழியாக உணவுப் பொருள்கள் உள்ளே போனால் பின்னாளில் ஒவ்வாமைக்கு வழி வகுக்கலாம் என்பதும் ஒரு காரணம். சாதாரண சோப்பும் வேண்டாம், அதன் பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) 9, 10 என்று இருக்கும். பிஎச் 5.5 என்று அச்சிட்ட, மணமில்லாத குழந்தைச் சோப்பை அழுக்குப் படும் இடங்களில் மட்டும் போடுங்கள். குளிர்காலத்தில் குழாய் உறைந்து கேனில் தண்ணீர் பிடித்து வைக்கும் வீடுகளில் அலசுவது குறைந்துபோகும், தோலில் தங்கும் சோப்பு மேலும் எரிக்கும். கடைசியாக ஊற்ற ஒரு சொம்பு நல்ல தண்ணீரைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி முக்கியமான மூன்று நிமிடம். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். தோல் முழுக்கக் காய்ந்துவிடக் கூடாது, தொட்டால் லேசாகப் பிசுபிசுக்க வேண்டும். அந்த ஈரம் இருக்கும்போதே மேலே பூசி மூடிவிட வேண்டும். தோலுக்கு வேண்டியது தண்ணீர், களிம்பின் வேலை அந்தத் தண்ணீரைப் பூட்டி வைப்பது. காய்ந்த தோலில் எண்ணெயைத் தேய்த்தால் பூட்டி வைக்க உள்ளே ஈரமே இருக்காது. தேங்காய் எண்ணெய் கேட்காததற்குப் பாதிக் காரணம் இதுதான். குளிக்காத நாட்களில் உள்ளங்கையை நனைத்து குழந்தையின் கை, காலை ஈரமாக்கிவிட்டுப் பூசுங்கள்.

எதைப் பூசுவது? லோஷனில் தண்ணீர்தான் அதிகம், இந்தக் காற்றில் சீக்கிரம் காய்ந்துவிடும். கெட்டியான, மணமில்லாத க்ரீம் ஒன்று, அதன்மேல் வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி. விலை குறைவு என்பதால் பலர் பெட்ரோலியம் ஜெல்லியை மதிப்பதில்லை. ஆனால் தோலிலிருந்து ஆவியாகும் நீரைத் தடுப்பதில் அதற்கு இணையாகக் கடையில் வேறொன்று இல்லை. யூரியா, சாலிசிலிக் அமிலம் கலந்த க்ரீம்களைக் குழந்தைக்குத் தொடாதீர்கள்.

அளவில்தான் எல்லாரும் தவறுகிறார்கள். பெரியவர் ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ட்யூபிலிருந்து பிதுக்கினால் அது அரை கிராம். பெரியவர் உள்ளங்கை இரண்டின் (விரல்களையும் சேர்த்து) அளவுப் பரப்புக்குத்தான் அது போதும். 7 மாதக் குழந்தையின் உடல் முழுக்கப் பூச அப்படிப் பத்து வேண்டும், அதாவது ஒரு தடவைக்கு 5 கிராம். வெடித்த தோலுக்கு இன்னும் கூடும். ஒரு நாளைக்கு மூன்று முறை என்றால் 15 கிராம், 50 கிராம் ட்யூப் மூன்று நாளில் தீர வேண்டும். உங்கள் ட்யூப் ஒரு மாதம் வருகிறது என்றால் நீங்கள் பூசவே இல்லை என்று அர்த்தம். 400, 500 கிராம் டப்பாவாக வாங்குங்கள். டப்பாவுக்குள் விரலை விடாமல் சுத்தமான ஸ்பூனால் எடுங்கள். மேலிருந்து கீழாக, முடி போகும் திசையில் நீவி விடுங்கள். முழுக்க உறிஞ்சும்வரை தேய்க்க வேண்டாம். பூசி முடித்தபின் தோலில் ஒரு பளபளப்பு தங்கியிருந்தால் அளவு சரி.

எண்ணெய் மசாஜை விட மனமில்லை என்றால் செய்யலாம், குளித்த பிறகு. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். லேயில் பாட்டிலுக்குள் கட்டியாகத்தான் இருக்கும். கட்டியைச் சுரண்டி எடுத்து வெடிப்பில் தேய்த்தால் அந்த உராய்வே புண்ணாக்கும். பாட்டிலை வெந்நீரில் வைத்து உருக்கிக்கொள்ளுங்கள். கடுகு எண்ணெய் குளிருக்கு நல்லது என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள், வேண்டாம். அதிலுள்ள காரம் தோலை எரிக்கும், தோல் ஆறுவதையும் தாமதிக்கும். ஆலிவ் எண்ணெயும் குழந்தைத் தோலின் கொழுப்பு அடுக்கைக் குலைக்கிறது. லடாக் மக்கள் தலைமுறைகளாகப் பூசும் ஏப்ரிகாட் கொட்டை எண்ணெய் மென்மையானது. காதுக்குப் பின்னால் ஒரு துளி பூசி ஒரு நாள் பார்த்துவிட்டு உபயோகிக்கலாம். எந்த எண்ணெயானாலும் அதன்மேல் ஜெல்லி தேவை.

கன்னம் சிவப்பதற்கு எச்சில் பெரிய காரணம். எச்சில் காயும்போது தோலின் ஈரத்தையும் இழுத்துக்கொண்டு போகும். ஒவ்வொரு முறை துடைக்கும்போதும் மேல்தோல் கொஞ்சம் உரியும். பால், கூழ் கொடுப்பதற்கு முன்பும், தூங்க வைப்பதற்கு முன்பும் கன்னம், தாடை, உதட்டைச் சுற்றி மெல்லிய ஜெல்லிப் பூச்சு. சாப்பிட்டபின் துடைக்காமல் ஒற்றுங்கள். மூக்குத் துவாரத்துக்குள் மட்டும் ஜெல்லி வைக்காதீர்கள், மூச்சோடு நுரையீரலுக்குப் போனால் ஆபத்து. மூக்கு காய்ந்தால் உப்புக்கரைசல் சொட்டு மருந்து போதும்.

வெளியே போவதானால் அரை மணி நேரம் முன்பே பூசிவிடுங்கள். வெயில் இதமாக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது. 1000 மீட்டர் உயரத்துக்கு ஒருமுறை புற ஊதாக் கதிர் சுமார் 10 விழுக்காடு கூடுகிறது. லே 3500 மீட்டரில் இருக்கிறது. புதுப் பனி அந்தக் கதிரில் 80 விழுக்காடு வரை திருப்பி அடிக்கும், அதனால் குடை பிடித்தாலும் கீழிருந்து முகத்தில் படும். விளிம்புள்ள தொப்பி, முழுக்கைச் சட்டை, மூடாத இடத்துக்கு மட்டும் துத்தநாக ஆக்சைடு உள்ள எஸ்பிஎஃப் 30 சன்ஸ்க்ரீன். 6 மாதம் ஆகாத குழந்தைக்கு நிழலும் துணியும்தான்.

அறைக்குச் சில நூறு ரூபாயில் ஈரப்பதமானி வாங்கி மாட்டுங்கள். 40 விழுக்காடு இருந்தால் நல்லது. 50 தாண்டி ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிந்தால் சுவரில் பூஞ்சை பிடிக்கும். குளிர் நீராவி விடும் ஹியூமிடிஃபையரில் கொதித்து ஆறிய நீரை ஊற்றி, தொட்டியைத் தினமும் கழுவுங்கள். கரண்ட் நிற்கும் நாளில் துவைத்த துணியை அறைக்குள்ளேயே உலர்த்துங்கள். புக்காரிமேல் தண்ணீர்ப் பானை வைப்பது அங்கே வழக்கம், ஆனால் தவழத் தொடங்கும் குழந்தை உள்ள அறையில் வைக்கவே கூடாது. புகைக்குழாய் சரியாக இருந்தாலும் ஜன்னலை ஒரு விரல் திறந்து வையுங்கள், தூங்கும்போது புக்காரியை அணைத்துவிடுங்கள், கார்பன் மோனாக்சைடு வாசனை காட்டாமல் ஆளைக் கொல்லும். இன்னொன்று பலருக்குத் தெரியாது: ஜெல்லியும் க்ரீமும் ஊறிய துணி சாதாரணத் துணியைவிட வேகமாகத் தீப்பற்றும், துவைத்தாலும் முழுக்கப் போகாது. குழந்தையின் படுக்கை புக்காரியிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

கம்பளி நேராகத் தோலில் படக்கூடாது. உள்ளே பருத்தி, மேலே கம்பளி. பிடரியில் கை வைத்துப் பார்த்து வேர்த்திருந்தால் ஓர் அடுக்கைக் கழற்றுங்கள், வியர்வையும் அரிப்பைத் தூண்டும்.

இப்படி ஒரு வாரம் செய்தும் சிவப்பு குறையவில்லை என்றாலோ, குழந்தை அரிப்பால் தூங்கவில்லை என்றாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள், லேயில் எஸ்என்எம் அரசு மருத்துவமனை இருக்கிறது. தேன் நிறத்தில் பொருக்குத் தட்டினால், நீர் வடிந்தால், கொத்துக் கொத்தாகக் கொப்புளம் வந்தால், காய்ச்சல் சேர்ந்தால் அன்றைக்கே போங்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த கூட்டுக் களிம்பைக் குழந்தையின் முகத்தில் பூசாதீர்கள், இரண்டு நாளில் சிவப்பு மறையும், தோல் மெலிந்துபோகும், நிறுத்தியதும் முன்பைவிட மோசமாகத் திரும்பும். மருத்துவரே ஸ்டீராய்டு எழுதிக் கொடுத்தால் எந்த இடத்துக்கு, எத்தனை நாளுக்கு என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நாட்களிலும் ஜெல்லியை நிறுத்த வேண்டாம், மருந்து பூசி அரை மணி நேரம் கழித்து அதன்மேல் பூசுங்கள்.