6 பரப்புக் காணி அளந்தா 40 பேர்ச்தான் வருது: வேலியில பிழையோ, கணக்கில பிழையோ?

கனடாவில இருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறா. கைதடிப் பக்கம் தாய் சீதனமாக் குடுத்த காணி, உறுதியில 6 பரப்பு எண்டு கிடக்கு, இப்ப விக்கிறதுக்கெண்டு சேவையரை விட்டு அளந்தா படத்தில 0.1012 ஹெக்டேயர், அதாவது 40 பேர்ச்சாம் (160 பேர்ச் ஒரு ஏக்கர்). ஒரு பரப்பு 10 பேர்ச் எண்டுதானே எல்லாரும் சொல்லுகினம், அப்ப 60 வரவேணும், மிச்ச 20 பேர்ச்சையும் பக்கத்து வளவுக்காரர் வேலியை அரக்கிப் பிடிச்சிட்டினமோ இல்லாட்டி காணியைப் பாக்கிற தம்பி ஏதும் செய்துபோட்டானோ எண்டு அவவுக்கு நித்திரை இல்லையாம்.

அக்கா, தம்பியோட இப்போதைக்குக் கோவிக்காதேங்கோ. நீங்கள் அனுப்பின உறுதிப் படத்தைப் பெருப்பிச்சுப் பாத்தன். தாள் மடிஞ்ச இடத்தில, 'பரப்பு' எண்டதுக்குப் பக்கத்தில, 'நெ' எண்டு ஒரு எழுத்து தெரியுது. உங்கட 20 பேர்ச்சும் அந்த மடிப்புக்குள்ளதான் கிடக்கு.

யாழ்ப்பாணத்தில பரப்பு ரெண்டு. வரகுப் பரப்பு, நெற்பரப்பு. எவ்வளவு விதை விதைக்கலாம் எண்டதை வச்சு வந்த பழைய கணக்கு. தோட்டக் காணி, வீட்டுக் காணியளுக்கு வரகுக் கணக்கு, ஏக்கருக்கு 16 பரப்பு, எல்லாரும் சொல்லுற 10 பேர்ச் இந்தப் பரப்புத்தான். வயலுக்கு நெற்கணக்கு, ஏக்கருக்கு 24 பரப்பு. பரப்பைவிடச் சின்ன அளவு குழி, அது ரெண்டுக்கும் ஒண்டுதான், வரகுப் பரப்பெண்டா 18 குழி, நெற்பரப்பெண்டா 12 குழி. உங்கட 6 நெற்பரப்பு 72 குழி, அதை 18ஆல பிரிச்சா 4 வரகுப் பரப்பு, அதுதான் அந்த 40 பேர்ச், சரியாக் கால் ஏக்கர். சேவையர் பிழை விடேல்ல, விஸ்தீரணத்தைப் பாத்தா வேலியும் அரக்குப்படேல்ல போலதான் கிடக்கு. இங்கிலீசு உறுதியளில இதையே லாச்சம் வீ.சீ., லாச்சம் பீ.சீ. எண்டு போட்டிருப்பினம், வீ.சீ. வரகு, பீ.சீ. நெல்லு.

உறுதியில பரப்பு, சேவையர் படத்தில ஹெக்டேயர், தரகற்ற வாயில பேர்ச், வீடு கட்டுற மேசனிட்டப் போனா சதுர அடி. ஒரு துண்டு நிலத்துக்கு நாலு பாசை. ஒரு கந்தோரிலயாவது வாற சனத்துக்கு இதைச் சொல்லிக் குடுக்க ஒரு தாள் ஒட்டி வச்சிருக்கினமோ எண்டா இல்லை, கேட்டா மற்றக் கந்தோருக்குப் போங்கோ எண்டுவினம்.

இப்ப ஒரு விசயம், இதைக் கொஞ்சம் ஆறுதலா வாசியுங்கோ. சில உறுதியளில நெல்லும் இராது வரகும் இராது, வெறும் 'பரப்பு' எண்டு மட்டும் இருக்கும். பேரன் வாங்கின உறுதியில நெல்லெண்டு வடிவா எழுதியிருக்கும், பேந்து அவர் மகளுக்குச் சீதனம் எழுதேக்க நொத்தாரிசு அவசரத்தில அந்தச் சொல்லை விட்டிருப்பார், அதை வச்சு மகள் பேத்திக்கு எழுதேக்க வீட்டுக் காணிதானே எண்டு ஆரோ வரகெண்டு சேத்திருப்பினம். பேத்தி கையில இருக்கிற உறுதியைப் பாத்தா 60 பேர்ச். ஆனா பேரனிட்ட இருந்தது 40, இல்லாத 20ஐ அவர் எப்பிடிக் குடுக்கிறது? பின் உறுதியில என்னத்தை எழுதினாலும் முன் உறுதிக்காரனுக்கு இருந்த உரித்துத்தான் வரும். அதால ஒரு உறுதியை மட்டும் பாத்து முடிவெடுக்காதேங்கோ, முன் உறுதியளை எடுத்துப் பின்னுக்குப் பின்னாப் பாருங்கோ. மூல உறுதி துலைஞ்சிருந்தாலும் பறவாயில்லை, நொத்தாரிசு முடிச்ச உறுதியிட ஒரு பிரதி காணிப் பதிவகத்துக்குப் போயிருக்கும், அத்தாட்சிப்படுத்தின பிரதி எடுக்கலாம். நாலு எல்லையையும், பழைய படம் இருந்தா அதையும், இப்ப அளந்த படத்தோட வச்சுப் பாக்கச் சொல்லுங்கோ. அதிலயும் இடிச்சாத்தான் வேலிக்காரரோட கதைக்கிறது.

சரி, எனக்கு உண்மையில கோவம் வாறது தரகரில. உங்கட கடிதத்தில கடைசியில ஒரு வரி இருக்கு, 'காணி குறையுது, வழக்கு வரும், விலையைக் குறைச்சா நானே ஆள் பாத்து முடிச்சுத் தாறன்' எண்டு தரகர் சொன்னவராம். அந்த மனுசனுக்கு நெற்பரப்பு தெரியாது எண்டு நான் நம்பமாட்டன். விக்கிறவைக்குக் காணி குறையுதெண்டு பயம் காட்டுறது, வாங்க வாறவைக்கு அதே காணியை 6 பரப்பெண்டு வரகு விலைக்குத் தள்ளுறது, ரெண்டு பக்கமும் காசு. வாங்கிறவை கவனியுங்கோ, ஒரு பரப்பு என்ன விலை எண்டு கேக்க முதல் எந்தப் பரப்பு எண்டு கேளுங்கோ. கேக்காட்டி ஒண்டரை மடங்கு குடுப்பியள். அற்றோணித் தத்துவத்தை, அதாவது உங்களுக்குப் பதிலாக் கையெழுத்துப் போடுற அதிகாரத்தை, தரகற்ற பேரில எழுதி அனுப்பிறதெல்லாம் கதைக்கவே தேவையில்லை, தம்பி இருக்கேக்க ஏன்?

இன்னொண்டு, உறுதியில நெல்லெண்டு இருந்தா அது இப்பவும் வயலாப் பதிஞ்சு கிடக்கோ எண்டு கமநல சேவை நிலையத்தில கேக்க வேணும். 2000 ஆம் ஆண்டு 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி வயலை அனுமதியில்லாம நிரப்பேலாது, வீடு கட்டேலாது. நாலு லோட் மண் பறிச்சு, சுத்தி மதில் கட்டி, 'வீட்டுக் காணி' எண்டு போட் போட்டா அது வீட்டுக் காணி ஆகாது. வாங்கிறவர் பிறகு பிரதேச சபைக்குப் படம் போட்டு மறிபட்டா உங்களைத்தான் ஏசுவார். பங்குக் காணியெண்டா அது வேற கதை, தேசவழமை எண்ட யாழ்ப்பாண வழக்குச் சட்டப்படி பங்காளியளுக்கு முதல் கேக்கிற உரிமை இருக்கு, அதை ஒரு சட்டத்தரணியிட்டக் கேளுங்கோ.

தம்பியை அந்த மடிப்பை விரிச்சு, வெளிச்சத்தில வச்சு இன்னொரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ. நெல்லெண்டு வடிவாத் தெரிஞ்சா, தரகரிட்ட 4 வரகுப் பரப்பு, 40 பேர்ச் எண்டே சொல்லி விலையைப் பேசுங்கோ, 6 எண்ட இலக்கத்தை இனி வாயில எடுக்காதேங்கோ.