கசப்பிலையை எத்தனை முறை கழுவ வேண்டும்?

கேள்வி: ஓராண்டாக நைஜீரியாவின் லேகோஸில் வசிக்கிறோம். சந்தையில் 'எவுரோ' என்ற கீரையை வாங்கி, 2 முறை அலசி, பருப்பில் போட்டுக் கூட்டு வைத்தேன். கசப்பு தாங்காமல் எல்லாரும் அப்படியே ஒதுக்கிவிட்டார்கள். நாங்கள் சைவம். இதை எப்படிச் சமைப்பது? என் கணவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. இதன் சாற்றைக் காலையில் வெறும் வயிற்றில் கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கீரை மேல் தவறில்லை, 2 அலசல் போதவில்லை, அவ்வளவுதான். யொரூபா மக்களின் எவுரோ, இக்போ மக்களின் ஒனுக்பு, ஹவுசா மக்களின் ஷுவாக்கா எல்லாம் ஒரே கசப்பிலைதான். மற்ற கீரை மாதிரி அலசினால் இதற்குப் போதாது, துணி மாதிரி துவைக்க வேண்டும்.

காம்பையும் தடித்த நடுநரம்பையும் உருவி எறிந்துவிடுங்கள். அகலமான பாத்திரத்தில் இலையைப் போட்டு, கொஞ்சம் கல்லுப்பும் தண்ணீரும் சேர்த்து, இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே அழுத்திக் கசக்குங்கள். சோப்பு போட்டதுபோல் பச்சை நுரை பொங்கும். கசப்பின் பெரும்பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடும். ஒட்டப் பிழிந்துவிட்டுப் புதுத் தண்ணீரில் மறுபடி கசக்குங்கள். 5, 6 தண்ணீர் ஆனதும் நுரை அடங்கி, தண்ணீர் வெளிறும். அப்போது ஒரு துணுக்கை மென்று பாருங்கள். லேசாகக் கசந்து உடனே மறைந்தால் நிறுத்திவிடலாம். கசப்பே இல்லாமல் போகும்வரை துவைத்தால் மிஞ்சுவது வெறும் சக்கைதான். இன்னும் கசப்பு தூக்கலாக இருந்தால் 10 நிமிடம் திறந்து வைத்து வேகவிட்டு, நீரை வடித்துவிடுங்கள். சிலர் வேகும்போது 'காவுன்' என்ற, சோடா உப்பு போன்ற கல்லைப் போடுவார்கள். இலை சீக்கிரம் மெத்தென்று ஆகும், ஆனால் சில வைட்டமின்கள் கெடும். எனக்கு அதில் விருப்பமில்லை.

அப்புறம், பருப்பு இதற்குச் சரியான துணை இல்லை. கசப்பை அணைக்கக் கொழுப்பு வேண்டும். இந்த இலையை என்டோலே என்று அழைக்கும் கேமரூன்காரர்கள் இதை நிலக்கடலையோடு சமைக்கிறார்கள். வழக்கமாக அதில் இறாலும் இறைச்சியும் சேரும், அவை இல்லாமலும் சுவை குறையாது. தோல் நீக்கிய, வறுக்காத நிலக்கடலை ஒரு கோப்பை எடுத்து, வேகவைத்து, இஞ்சி பூண்டோடு வெண்ணெய் போல அரையுங்கள். எண்ணெயில் நிறைய வெங்காயத்தை வதக்கி, அரைத்த விழுதைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கொதிக்க வையுங்கள். அடிபிடிக்கும், கிளறிக்கொண்டே இருங்கள். பச்சை வாசனை போனதும் பிழிந்த இலை இரண்டு கைப்பிடி, உப்பு, மிளகாய் சேர்த்து 10 நிமிடம் வையுங்கள். வேகவைத்த வாழைக்காயோடு சாப்பிடலாம்.

இக்போ வீட்டுச் சுவை வேண்டுமானால், சேப்பங்கிழங்கை வேகவைத்து மசித்து, உருண்டைகளாகச் செம்பனை எண்ணெய்க் குழம்பில் போடுங்கள். கரைந்து குழம்பைக் கெட்டியாக்கும். வழக்கமாக இதில் சேரும் கருவாட்டின் வேலையை லேகோஸ் சந்தையில் 'இரு' என்ற பெயரில் விற்கும் புளிக்கவைத்த விதை செய்யும். அதன் வாடையைக் கண்டு தயங்காதீர்கள், குழம்பில் அடங்கிவிடும்.

இனி உங்கள் கணவர் விஷயம். சாறு வேண்டாம் என்றே சொல்வேன். இந்த இலைச் சத்து விலங்குகளில் ரத்தச் சர்க்கரையைக் குறைத்தது ஆய்வுகளில் தெரிகிறது. மனிதர்களுக்கு எவ்வளவு கொடுப்பது என்று அளவு சொல்ல அது போதாது. மாத்திரையோடு சேரும்போது சர்க்கரை ஒரேயடியாக இறங்கலாம். கர்ப்பிணிகளும் சாற்றைத் தவிர்க்க வேண்டும்.

இதற்கு மருந்துக் குணம் இல்லை என்று நான் சொல்லவில்லை. 1987-இல் தான்சானியாவின் மகாலே மலைக்காட்டில், நோயுற்ற ஒரு சிம்பன்சி இந்தச் செடியை ஒடித்து, பட்டையையும் இலையையும் நீக்கி, உள்தண்டின் சாற்றை மட்டும் உறிஞ்சியதை ஆய்வாளர் மைக்கேல் ஹஃப்மன் பார்த்தார். மறுநாளே அது தேறிவிட்டது. ஆனால் அது நோய் வந்தபோது எடுத்துக்கொண்டது, தினமும் குடித்ததில்லை.

குழம்பாக வாரம் ஓரிரு முறை அவருக்குத் தாராளமாகக் கொடுங்கள். துவைப்பதில் வைட்டமின் சி கணிசமாகப் போய்விடும். நார்ச்சத்து பெரும்பாலும் இலையிலேயே தங்கும். கூடவே தொட்டுக்கொள்ளும் கிழங்குக் களியின் அளவைத்தான் அவர் கவனிக்க வேண்டும்.

ஒவ்வொரு முறையும் இவ்வளவு துவைக்க நேரமில்லை என்றால், சந்தையில் கழுவிப் பிழிந்து உருண்டையாக வைத்திருப்பதை வாங்குங்கள். வீட்டில் ஒரே ஒரு தண்ணீர் மட்டும் காட்டினால் போதும். மிஞ்சியதை அப்படியே உறைபெட்டியில் வைத்துக்கொள்ளலாம்.