அவுஸ்பில்டுங் பற்றிக் கேட்ட தம்பிக்கு

தம்பி, வவுனியாவிலிருந்து நான்கு கேள்வி கேட்டிருக்கிறீர்கள்: ஜேர்மனியில் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி எப்படி நடக்கும், கையில் எவ்வளவு வரும், எந்த நகரம் நல்லது, தமிழ் ஆட்களோடு தங்க அறை கிடைக்குமா. நகரத்தையும் அறையையும் விடுங்கள், வந்தால் எங்கேயாவது ஓர் அறை கிடைக்கும். மற்றதைச் சொல்கிறேன்.

இது காசு கட்டிப் படிக்கிற கோர்ஸ் இல்லை. ஒரு நிறுவனம் உங்களோடு ஒப்பந்தம் எழுதி, அதைக் காமர் என்கிற தொழிற்சபையில் பதிந்து, மாதாமாதம் உங்களுக்குத்தான் காசு தரும். 2025இல் தொடங்கியவர்களுக்கு முதல் வருடம் மாதம் குறைந்தது 682 யூரோ, அதிலும் காப்புறுதிகள் வெட்டித்தான் கைக்கு வரும். அது சீவியத்துக்குக் காணாது என்றால், மிச்சக் காசை விசாவுக்குக் காட்டச் சொல்வார்கள். ஆனால் "இடம் எடுத்துத் தருகிறேன், இத்தனை லட்சம் தா" என்று ஒருவர் கேட்டால் போனை வையுங்கள். எங்கட ஆள் என்றால் இரண்டு தரம் வையுங்கள்.

வாரத்தில் மூன்று நான்கு நாள் வேலையிடம், ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளி. சில இடங்களில் பள்ளியை வாரக்கணக்கில் சேர்த்து வைப்பார்கள். மின்வேலை, கார் மெக்கானிக் எல்லாம் மூன்றரை வருடம். நான் பார்த்தவரை எங்கட பிள்ளைகள் விழுந்தது வேலையில் இல்லை, பள்ளியில். பொதுவாக டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், பி1 நிலைச் சான்றிதழ் விசாவுக்குப் போதும், வகுப்புக்குப் போதாது. ஓமின் விதி உங்களுக்குத் தலைகீழாகத் தெரிந்திருக்கும், கேள்வி என்ன கேட்கிறது என்றுதான் விளங்காது. முடிந்தால் அதற்கடுத்த பி2 முடித்துவிட்டு வாருங்கள். பெரும்பாலான தொழில்களில் முதல் ஒன்றிலிருந்து நான்கு மாதம் சோதனைக் காலம். அதற்குள் காரணம் சொல்லாமலே உங்களை நிறுத்தலாம். விசாவும் அந்த ஒப்பந்தத்தில்தான் தொங்குகிறது.

நான் 1990இல் அகதியாக வந்தவன். கொஞ்சக் காலம் காம்பில் சும்மா இருந்தேன், பிறகு உணவகத்தில் கோப்பை கழுவினேன். 1997இல், 27 வயதில், மின்வேலை பழகச் சேர்ந்தபோது சமையலறையில் எடுத்ததில் பாதிகூட வரவில்லை. கட்டிக்கொண்டிருந்த சீட்டையும் விட்டேன். "கல்யாணம் கட்டுற வயதில் பள்ளிக்கூடம் போறாராம்" என்று அறையில் இருந்தவர்கள் பகிடி பண்ணினார்கள். இப்போது ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேரன்று அவர்களைக் காண்கிறேன். மகன் அவுஸ்பில்டுங் செய்கிறான் என்று சொல்ல வெட்கம், "படிக்கிறான்" என்பதோடு நிறுத்திவிடுவார்கள். டொக்டர், எஞ்சினியர் தவிர வேறு தொழிலே எங்கட ஆட்களின் கண்ணில் படாது. வீட்டில் பியூஸ் போனால் மட்டும் எனக்குப் போன் வரும்.

சரி, முக்கியமானதை விட்டுவிட்டேன்: அறிக்கைக் கொப்பி. வேலையிடத்தில் என்ன செய்தீர்கள், பள்ளியில் என்ன படித்தீர்கள் என்று எழுதிப் பயிற்றுநரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அது ஒழுங்காக இல்லாவிட்டால் இறுதிப் பரீட்சைக்கு விடமாட்டார்கள். மூன்று மாதப் பதிவுகளையும் ஓர் இரவில் எழுதலாம் என்று நினைக்காதீர்கள், நான் எழுதிப் பார்த்திருக்கிறேன். பயிற்சிக்குப் பயன்படும் வேலையைத்தான் தரலாம் என்பது சட்டம். நாள் முழுக்கக் கூட்டவும் கோப்பி போடவும் விட்டால், அதையும் அப்படியே எழுதுங்கள்.

என் கொப்பியின் இரண்டாவது வாரத்தில் ஒரு பதிவு இருக்கிறது. மட்டம் பார்க்கிற கருவியை டொச்சில் வாஸர்வாகே என்பார்கள். வாகே என்றால் தராசு. "வாஸர்வாகேக்குப் படிக்கல் எடுத்து வா" என்றான் எனக்கு மூத்த பயிலுநர் ஒருவன். அப்பாவின் கடையில் தராசையும் படிக்கல்லையும் பார்த்து வளர்ந்தவனுக்குச் சந்தேகம் வருமா? களஞ்சியத்தில் ஒன்றரை மணி நேரம் தேடினேன். புதிதாக வருகிறவர்களுக்கு வழக்கமாகச் செய்கிற பகிடியாம், டொச் பிள்ளைகளும் ஏமாறுவார்களாம். அன்று மாலை கொப்பியில் எழுதினேன்: "படிக்கல் தேடினேன். கிடைக்கவில்லை." பயிற்றுநரான மைஸ்ரர் வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. இலக்கணப் பிழையைச் சிவப்பால் திருத்திக் கையெழுத்து வைத்தார்.